லோங்காங் இல்லாத வளைவு

மே 4, சனி

உள்ளங்கையில் கொப்புளம். சோறு பிசைந்தால் எரிகிறது. கரண்டியால் சாப்பிட்டேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டுத் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

இன்றோடு மூன்று முறை ஆயிற்று அந்தத் தடத்துக்குப் போய். பழைய கோ-கார்ட் தடம்தான். சில சனிக்கிழமைகளில் எங்களைப் போன்ற கப்சாய்க்காரர்களுக்கு, அதாவது சின்ன மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு, விடுகிறார்கள். கூட்டத்தில் பெண் என்று நான் ஒருத்தி. அதுகூடப் பரவாயில்லை. தொப்பையும் தொந்தியுமாக இருப்பவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போகிறார்களே, அதுதான் எரிச்சல்.

மற்ற வளைவுகளில் தேறிவிட்டேன். நான்காவதுதான் உயிரை வாங்குகிறது. வலது பக்கம் திரும்புகிற வளைவு. ஒவ்வொரு சுற்றிலும் அதே கதை: உள்ளே ஒழுங்காகத்தான் போகிறேன், வெளியே வரும்போது மோட்டார் இடது ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. பயந்து ஆக்சிலேட்டரை விட்டுவிடுகிறேன். சொல்லிக் கொடுக்கிற தயாநிதி என்னைவிடச் சின்னவன். "அக்கா, அங்க என்ன இருக்கு? வெறும் புல்லுதானே லா," என்றான்.

புல்தான். எனக்குத் தெரியாதா? ஆனால் என் கண்ணுக்கு அங்கே லோங்காங் தெரிகிறது. செம்பனைத் தோட்டத்து ரோட்டை ஒட்டிப் போகுமே, ஆள் விழுந்தால் வெளியே தெரியாத ஆழத்தில் ஒரு வடிகால், அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோலா கெத்திலில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, இப்படி ஒரு வலது வளைவில்தான் இருவரும் மோட்டாரோடு அதற்குள் போனோம். அவர் ஓட்டினார், நான் பின்னால். எனக்குச் சிராய்ப்பு. அவர் முழங்காலுக்குள் இரும்புத் தகடு.

அதன் பிறகு அவர் மோட்டார் ஏறவில்லை. தெருமுனைக்கு ரொட்டி வாங்கப் போவதற்கும் காடிதான், நாலு சக்கரம்தான். நான்தான் புதிதாக ஒன்று வாங்கினேன். தடத்துக்கு அதைத் தன் உதிரிப்பாகக் கடை வேனில் ஏற்றிக்கொண்டு வருவது, பக்கக் கண்ணாடிகளைக் கழற்றுவது, முடிந்ததும் மாட்டுவது எல்லாம் அவர். நான் ஓட்டத் தொடங்கினால் வேனுக்குள் போய் சன்னலை ஏற்றிவிடுவார். ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அவர் மறுபடி மோட்டார் ஏற வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த வளைவை நான் ஒருமுறை ஒழுங்காக எடுத்தால் அவருக்கும் பயம் விட்டுப்போகும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

மே 5, ஞாயிறு

மாமியார் போன். "பொம்பளைக்கு எதுக்கும்மா ரேசு? ஒருத்தன் கால ஒடச்சிக்கிட்டது போதாதா?" ரேஸ் இல்லை அத்தை, திரும்பக் கற்றுக்கொள்கிறேன் என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மே 8, புதன்

தொழிற்சாலையில் கையுறைக்குக் காற்றடித்து ஓட்டை பார்க்கிற வேலை. கை தானாகச் செய்கிறது, மனசு நான்காவது வளைவில் சுற்றுகிறது. முக்காலியில் உட்கார்ந்தபடியே வலப்பக்கம் சாய்ந்து தோளை இறக்கியிருக்கிறேன் போல. பக்கத்து மேசை செல்லாயி அக்கா இடுப்புப் பிடிப்பா என்று கேட்டுத் தைலத்தை நீட்டினார். வாங்கித் தடவிக்கொண்டேன். வேறென்ன சொல்ல?

மே 11, சனி

மழை. தடம் மூடல். வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். இவர் உதிரிப்பாகக் கடையில் ஒருவர் என் மோட்டாரைக் கேட்கிறாராம், நல்ல விலையாம். சும்மா சொல்கிற மாதிரி சொன்னார். யாரைக் கேட்டு விலை பேசினீங்க என்று கத்திவிட்டேன். பேசவில்லை, அந்த ஆள்தான் கேட்டார் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவர் குரல் உயர்த்தினால் எனக்குச் சுலபமாக இருக்கும்.

மே 18, சனி

விழுந்தேன்.

நான்காவது வளைவுதான், வேறெங்கே. இன்றைக்கு ஆக்சிலேட்டரை விடுவதில்லை என்று பிடிவாதமாகப் போனேன். இடது ஓரம் வந்தது, புல் வந்தது, அப்புறம் வானம். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. முழங்கை, இடுப்பில் கன்றிப்போனது. கிளச் பிடி உடைந்துவிட்டது.

எழுந்து உட்கார்ந்தபோது அவர் ஓடி வந்துகொண்டிருந்தார். அந்தக் காலை இழுத்துக்கொண்டு. அவர் ஓடி நான் இரண்டு வருஷமாகப் பார்த்ததில்லை. சன்னலை ஏற்றிக்கொண்டு உள்ளே இருப்பவருக்கு நான் விழுந்தது எப்படித் தெரிந்தது? பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒவ்வொரு சுற்றும்.

என் ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வித்துடலாம், வாசுகி," என்றார்.

விற்பதா? விற்றால் முடிந்தது. நானும் இறங்கிவிட்டால் பிறகு இவர் எங்கே ஏறப் போகிறார்? ஆனால் அவர் அப்படி ஓடி வந்தது... நான் யாருக்காக இதைச் செய்கிறேன், நிஜமாகவே அவருக்காகவா? எனக்கு ஓட்டப் பிடித்திருக்கிறது. ரொம்பப் பிடிச்சிருக்கு. அதையும் எழுதிவிடுகிறேன்.

மே 19, ஞாயிறு

பேச்சு இல்லை. தோசை மட்டும் பேசிற்று, கல்லில்.

மே 21, செவ்வாய்

வேலை முடிந்து வந்தால் போர்ட்டிகோ முழுக்கச் செருப்பு. வீட்டில் இருக்கிற ஜோடி அத்தனையும், என் கோயில் செருப்பு, அவர் பழைய பூட்ஸ், மழைக்குப் போடுகிற ரப்பர் செருப்பு, எல்லாம் இரண்டு வரிசையாக வளைந்து கிடந்தன. நடுவில் அவர், தகடு வைத்த காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் என் பழைய தொழிற்சாலைச் சப்பாத்து ஒன்று. அதுதான் மோட்டாராம்.

தடத்தில் நான் ஓட்டியதைத் தயாநிதி எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்திருக்கிறார். எத்தனை தடவை என்று சொல்லவில்லை.

"நீ இடது ஓரத்தப் பாத்துப் பயந்து முன்னாடியே திருப்பிடுற. முன்னாடியே திருப்புனா, வெளிய வரும்போது அதே ஓரத்துலதான் போய் முட்டுவ." சப்பாத்தை நகர்த்திக் காட்டினார். அது நேராகப் போய் ரப்பர் செருப்பை இடித்தது. பிறகு மறுபடி வைத்தார். இந்த முறை இடது ஓரத்தை ஒட்டியே, எனக்குப் பதறும் அளவுக்கு ஒட்டியே, நகர்த்திக்கொண்டு போனார். "இங்கயே இரு. காத்திரு. வெளிய போற வழி கண்ணுக்குத் தெரிஞ்சதும் திருப்பு." சப்பாத்து உள்ளே வந்து, ஒரு செருப்பையும் தொடாமல் வெளியே போயிற்று.

தயாநிதியும் இதைத்தான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறான், காதில் ஏறவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

சப்பாத்தின் கயிற்றை முடிச்சுப் போட்டு அவிழ்த்தார். "ரெண்டு வருஷமா நான் அந்த வளைவுலதானே இருக்கேன். அன்னிக்கு நானும் லோங்காங்கப் பாத்து முன்னாடியே திருப்பிட்டேன்."

ரோட்டில் மணல், சறுக்கிவிட்டது என்றுதான் ஊர் முழுக்கச் சொன்னார். என்னிடமும். அத்தையிடமும். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மணலாம் மணல்! ரெண்டு வருஷம் ஒரு பொய்ய வெச்சிக்கிட்டு ஒத்தையா உக்காந்திருந்தாரா? என்கிட்ட சொன்னா நான் என்ன தலையையா வாங்கியிருப்பேன்?

வாங்கியிருப்பேன். ஒரு வாரத்துக்கு.

அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தேன். செருப்புகளை எடுத்து வைக்க மனசு வரவில்லை. அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விற்பதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மே 24, வெள்ளி

புதிய கிளச் பிடி. அவர் கடையிலிருந்து கொண்டுவந்து அவரே மாட்டினார்.

ஜூன் 1, சனி

முதல் நாலைந்து சுற்றும் பழைய கதைதான். ஓரத்தை ஒட்டிப் போகும்போது உடம்பெல்லாம் திருப்பு திருப்பு என்கிறது. காத்திரு என்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

பிறகு ஒரு சுற்றில் காத்திருந்தேன். இடது பக்கம் புல் கால் தொடும் தூரத்தில். இன்னும் கொஞ்சம். வெளியே போகிற வழி தெரிந்தது. திருப்பினேன், மோட்டார் சொன்னபடி சாய்ந்து உள்ளே வந்தது, ஆக்சிலேட்டரைத் திறந்தேன், ஓரம் வந்தது, வந்து அங்கேயே நின்றுகொண்டது. இன்னும் ஒரு முழம் இடம் மிச்சம். அழுதுவிட்டேன். மூக்கைத் துடைக்க முடியவில்லை, ஹெல்மெட்.

அடுத்த சுற்றில் பார்த்தேன். அவர் வேனில் இல்லை. நான்காவது வளைவுக்கு வெளியே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை காட்டவில்லை. நானும் காட்டவில்லை.

வீட்டுக்கு வரும்போது நான் மட்டும் பேசிக்கொண்டே வந்தேன். ஓட்டிப் பாக்கிறீங்களா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. நானும் இப்போதுதான் காத்திருக்கக் கற்றிருக்கிறேன்.

ஜூன் 8, சனி

காலையில் எழுந்தால் அவர் இல்லை. காடி நிற்கிறது. மோட்டார் இல்லை.

முதலில் திருட்டு என்று நினைத்தேன். பிறகு அந்த விலை கேட்ட ஆள். பிறகு பார்த்தால் ஆணியில் அவர் பழைய ஹெல்மெட்டும் இல்லை. போன் அடித்தால் படுக்கையிலேயே மணி அடிக்கிறது. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தகடு வச்ச காலு, எப்படி ஊனுவார்? ரெண்டு வருஷம் ஓட்டாத கை. சொல்லிட்டுப் போனா என்ன? அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றி, பாத்திரம் கரிந்து, வாசனை வந்துதான் உள்ளே ஓடினேன். அணைத்துவிட்டு மறுபடி கேட்.

சன்னலை ஏற்றிக்கொண்டு வேனுக்குள் அந்த மனுஷன் என்ன பாடு பட்டிருப்பார் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வந்தார். மெதுவாக, முதுகை நிமிர்த்திக்கொண்டு. மோட்டார்க் கொக்கியில் ரம்புத்தான் பை. நாத்தனார் வீட்டு மரத்துப் பழம், எனக்குத் தெரியும், அந்த மஞ்சள் வேறெங்கும் இல்லை. அவ்வளவு தூரம் போயிருக்கிறார். அந்த வளைவு வழியாக.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"முன்னாடியே திருப்பலயே?"

ஹெல்மெட்டைக் கழற்றினார். தலையெல்லாம் வியர்வை. "இல்ல," என்றார். "காத்திருந்தேன்."

ரம்புத்தான் நல்ல இனிப்பு. சாயங்காலம் சந்தைக்குக் கிளம்பி மோட்டாரில் ஏறினால் இரண்டு கண்ணாடியிலும் வெறும் வானம்தான் தெரிந்தது. அவர் உயரத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறார். அப்படியே இருக்கட்டும் என்று இறங்கி, காடிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.