பிடிப்பு என்று சொன்ன வலி

இன்று காலை நம் மகன் நீலகிரித் தைலத்தைத் திறந்தான். வாசனை அடுப்படிவரை வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். உங்களைப் போலவே முதுகை வளைத்து இடுப்பில் தேய்த்துக்கொண்டிருந்தான். துபாயிலிருந்து லீவில் வந்த பிள்ளை. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, பிடிப்பு" என்கிறான்.

நீங்களும் அப்படித்தானே சொன்னீர்கள். வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதென்று, அது வெடித்துவிடாமலிருக்க, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் தொடை வழியாக அதற்குள் ஒரு உறைக்குழாயைச் செலுத்தி வைத்து அனுப்பினார்கள். "உறையைச் சுத்தி ரத்தம் கசியலாம். வலி இல்லாட்டியும் வருசா வருசம் ஸ்கேனுக்கு வாங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். முதல் வருடம் போனோம். மறு வருடம் கூப்பிட்டால் வயிற்றைத் தட்டிக் காட்டினீர்கள். "எங்கடி தழும்பு? வயித்தக் கிழிக்காத ஆபரேசனுக்கு எதுக்கு ஸ்கேனு? கடலை பறிக்கிற நேரத்துல அலைக்கழிக்காத." அப்பப்பா, என்ன பிடிவாதம்! சண்டை போட்டேன், அழுதேன், பேசாமல்கூட இருந்து பார்த்தேன். நீங்கள் மசியவில்லை.

பிறகு முதுகு வலித்தது. ஆலங்குடிக்குப் போய், காலால் பிறந்தவர் ஒருவரிடம் இடுப்பில் உதை வாங்கி வந்தீர்கள். பிறக்கும்போது கால் முதலில் வந்தவர் உதைத்தால் பிடிப்பு விடும் என்று நம் பக்கத்தில் யார்தான் நம்பவில்லை? "விட்டுருச்சுடி" என்று சிரித்தீர்கள். மறுநாள் போர்செட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தீர்கள். ஆம்புலன்ஸ் புதுக்கோட்டை போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

உதைத்தவர் துக்கத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார். "என்னாலதானா, ஆத்தா?" என்று தேம்பினார். "இல்லைங்க, ரொம்ப நாளாவே கசிஞ்சிருக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றேன். அவர் நம்பினாரா, தெரியாது.

பெற்ற பிள்ளைக்கும் இது வரலாம் என்று அன்றே டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் இன்று தைலக் கையோடே இவனை இழுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பு வலி வெறும் பிடிப்புதானாம். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே டாக்டர், "அப்பாவுக்கு இருந்த வீக்கம் இவருக்கும் ஆரம்பிச்சிருக்கும்மா. இன்னும் சின்னதுதான். விடாம பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

திரும்பி வரும்போது இவன் வயிற்றின் மேல் கையை வைத்தபடியே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். "அடுத்த ஸ்கேனுக்கு வருவேல்ல?" என்று கேட்டேன். "லீவு கெடைச்சாப் பாப்போம்மா" என்கிறான்.

உங்கள் மூக்கைக் கொடுத்தீர்கள், பிடிவாதத்தைக் கொடுத்தீர்கள், சரி. இதையுமாங்க அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போகணும்?