விதைக்கு விட்ட சுரைக்காய்

பங்குனி, வெள்ளிக்கிழமை.

இன்று வீட்டில் இருந்தவர்கள் நான், மகன் பழனியப்பன், மருமகள் செல்லம்மா, திருச்செங்கோட்டிலிருந்து வந்த என் வீட்டுக்காரரின் தங்கை நாச்சாயி. வேறு யாரும் இல்லை.

சந்தைக்குப் போய்த் திரும்பினால், பந்தலில் விதைக்கு விட்டிருந்த சுரைக்காய் அடுப்பில் குழம்பாகக் கொதிக்கிறது. அது என் பிறந்த வீட்டு விதை. எடுத்து வைத்திருந்ததையெல்லாம் எலி தின்றுவிட்டதால் இந்த ஒரு காயைத்தான் நம்பியிருந்தேன். யாரும் பறிக்கக் கூடாதென்று காம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. குப்பையில் கிடந்த விதையை எடுத்து நகத்தால் கீறினேன். முற்றாத விதை, முளைக்காது.

"துணி எங்க அம்மிணி?" என்றேன்.

செல்லம்மா நாச்சாயியைக் காட்டி அழுதாள். "நான் பாக்கயில துணி இல்லீங்க அத்தை. அவியதான் இந்தக் காயை அறுன்னாங்க."

நாச்சாயி சிரித்தாள். "போன வருசம் நாலு விதை கேட்டேன், இல்லைன்னீங்க. இப்ப உங்களுக்கும் இல்லீங்க நங்கை."

செல்லம்மா புதிதாக வந்தவள், அறியாமல் அறுத்தாள். நாச்சாயி பழி தீர்த்தாள். அவளிடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

ஆனால் அந்தத் துணியை ஏணி வைத்து ஏறிக் கட்டியவனே பழனியப்பன்தான்.

"நாச்சாயி அத்தை துணிய அவுக்கறப்ப பாத்துக்கிட்டுத்தானுங்க இருந்தேன். ஒரு சுரைக்காய்க்கு ஏனுங்கம்மா இத்தனை ரகளை? கொழம்பு நல்லாருக்குது, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க" என்றான்.

ஊற்றினேன். அவன் வழித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இப்போது படுத்தால் கண் மூட முடியவில்லை. மற்ற இருவரையும் மன்னித்துவிடலாம். நான் பெற்ற பழனியப்பனை மன்னிக்க மாட்டேன்.