புளுகுமூட்டை பிரான்சுக்குப் போன கதை

சாமர்செட், ஞாயிறு

அன்புள்ள டாம்சின்,

நானும் அப்பாவும் மாடுகள் அறுபத்திரண்டும் நலம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் மழைக்கு மழை முனகுகிறது. வெலிங்டனில் காற்று ஆளையே தூக்குகிறதாமே, நீ இன்னும் தரையில்தான் இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஊரார் யாராவது உனக்கு எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை ஊர்க் கூடத்தில், நாற்பது பேர் பார்க்க, நம் எம்.பி. லாங்ரிஷின் மூக்குக்கு நேரே டீயில் நனைத்த பிஸ்கட்டை ஆட்டி ஆட்டி இருபது நிமிஷம் திட்டினேன். நனைத்த பிஸ்கட் எவ்வளவு நேரம் தாங்கும் என்று உனக்கே தெரியும். பாதி அவர் கோட்டில்.

காரணம் இல்லாமல் இல்லை. லியோனில் ஓதில் அம்மையாரின் கடைக்கு அனுப்பிய நம் செடார் சீஸ் கட்டிகள் நாற்பதும் பிரான்சுத் துறைமுகத்துக் குளிர்கிடங்கில் பன்னிரண்டு நாளாகக் கிடந்தன. காகிதம் சரியில்லையாம், எது சரியில்லை என்று கேட்டால் அதைக் கேட்பதற்கும் ஒரு காகிதம் உண்டாம். கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் சரக்கு வராவிட்டால் அந்த இடத்தைச் சுவிஸ் சீஸுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஓதில் மிக மரியாதையாக எழுதியிருந்தார். நாம் செய்வதில் பாதியை வாங்குகிறவர். அவர் போனால் வசந்தத்தில் மாடுகளை விற்றுவிடலாம் என்று அப்பா சூப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அப்புறம் அந்தச் சூப்பைக் குடிக்கவே இல்லை. அப்பா சூப்பை மிச்சம் வைத்து நீ பார்த்திருக்கிறாயா?

அதனால்தான் லாங்ரிஷ் குறை கேட்க வந்த அன்று முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். "ஒரு சீஸ் பதமாகப் பதினாலு மாசம் ஆகுது, அதுக்குள்ள உங்க அமைச்சருங்க மூணு தடவை நாற்காலி மாறிடறாங்க, மாறுறவங்க சும்மா மாறக்கூடாதா, போற போக்குல படிவத்தையும் மாத்திட்டுத்தான் போகணுமா" என்று ஆரம்பித்தேன். தபால்காரர் டெரெக் பின்னாலிருந்து "விடாத வெண்டி, நின்னுபோன பஸ்ஸையும் சேத்துக் கேளு" என்று ஏற்றிவிட்டார். கூடம் முழுக்கக் கைதட்டல், எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போனது. அந்த மனுஷன் கோட்டைத் துடைத்துக்கொண்டு "படிவத்தோட நகல் இருக்கா வெண்டி" என்றார். இல்லாமலா, இன்னொரு கையில் கொடி மாதிரி பிடித்திருந்தேனே. கண்ணாடியை மாட்டி வரி வரியாகப் படித்தார், ஒரு வரியில் விரல் நின்றது. "சரக்கு எண் கேட்ட இடத்துல 'புளுகுமூட்டை'ன்னு இருக்கே, யாருங்க அது" என்றார்.

அப்பாவின் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. தேதி மறந்துபோகும், திட்டு மறக்காது என்று, அந்தந்த மாதம் எந்த அமைச்சர் மேல் கோபமோ அவருக்கு வைத்த பட்டப்பெயரை அந்த மாதச் சீஸை அடுக்கிய பலகையில் சாக்பீஸால் எழுதிவிடுவார். உன் புத்திசாலி அம்மா கட்டியில் ஒட்டிய எண்ணைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துப் படிவத்தை நிரப்பியிருக்கிறாள். ஏற்றுமதிப் படிவத்துக்குச் சான்று தரும் கால்நடை மருத்துவரும் அதைச் சீஸின் பெயர் என்று நினைத்து முத்திரை குத்தியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் பாவம், பன்னிரண்டு நாளாக நாற்பது கட்டியிலும் புளுகுமூட்டையைத் தேடியிருக்கிறார்கள். கூடம் சிரித்த சிரிப்பில் டெரெக்குக்கு விக்கல் வந்துவிட்டது. லாங்ரிஷ் மட்டும் என் பக்கம் குனிந்து, "எம் பேர்ல ஏதாவது பலகை உண்டா" என்று மெதுவாகக் கேட்டார். நீங்க இன்னும் அந்த அளவுக்கு வளரலையே என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

ஆனால் அங்கேயே மருத்துவருக்கு ஃபோன் போட்டவரும் அவர்தான். திங்களன்று புதுப் படிவம், புதனன்று சரக்கை விட்டார்கள், வெள்ளியன்று ஓதில் கூப்பிட்டு, வந்து சேர்ந்தது, வசந்தத்துக்கும் நாற்பது வேண்டும் என்றார். இத்தனை நாளாக என் நெஞ்சின் மேல் படுத்திருந்த மாடு ஒருவழியாக எழுந்து போனது. அப்பா அன்றைக்கு இரண்டு கிண்ணம் சூப் குடித்தார்.

கழுத்துக்குக் கம்பளி சுற்றிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, மகராசியாக இரு. வெளிநாட்டு வாக்காளர் படிவத்தை மறக்காமல் அனுப்பு, எண் கேட்ட இடத்தில் எண்ணை மட்டும் எழுது. ஓட்டுப் போட்டவளுக்குத்தான் திட்டுவதற்கு வாய் உண்டு.

முத்தங்களுடன்,
உன் அம்மா வெண்டி

பி.கு. போன தேர்தலுக்கு நம் கொட்டகைதான் வாக்குச்சாவடி. காலையிலிருந்து சாவடி மூடும்வரை வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டதில் நான் ஓட்டுப் போட மறந்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லாதே.