இரண்டாவது மிதி

என் செல்லத் தம்பி ரூபன்,

இருக்கிற இடத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரு. அக்கா உழவு மெசின் வாங்கியிருக்கிறேன்.

சிரிக்கிறாயா? சிரி. விசுவமடுச் சந்தியில் சைக்கிளைத் திருப்பத் தெரியாமல் இறங்கி உருட்டிக்கொண்டு போகிறவள் என்று ஊரெல்லாம் என்னைப் பகிடி பண்ணினவன் நீ. அவளேதான். நாலு சில்லு மெசின், பெரிய ட்ரக்டர், சிவப்பு நிறம், வயது என்னைவிடக் கூட இருக்கும். போன கிழமை வாங்கியபோது இதை உனக்குச் சந்தோசமாக எழுதவேண்டும் என்று நினைத்தேன். இப்போது அந்தச் சந்தோசம் இல்லை. ஏன் என்று ஒழுங்காகச் சொல்லவிடு, வழக்கம்போலக் குறுக்கே கதைக்காதே.

நீ போய் ஏழு வருடம். அம்மாவும் நானும் மட்டும் இருக்கிற வளவுக்கு உழவுக்காரர் கடைசியாகத்தான் வருவார்கள். போன காலபோக நெல் விதைப்பில் எல்லாருடைய வயலும் பச்சை பிடித்த பிறகுதான் எங்களுடையதில் கலப்பை இறங்கியது. பயிர் ஒரு சாண் வளரமுதல் மழைவெள்ளம் மூடிக்கொண்டு போய்விட்டது. இனி ஒருவருக்கும் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கமாட்டேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

மாங்குளத்தில் நேசன் என்று ஒரு தோட்டக்காரர் தன் பழைய மெசினை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நல்ல மனிசன். பழகித்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி, தன் வெறுங்காணியில் நாலு காலைவேளை என்னை ஏற்றி விட்டார். முதல் நாள் நிற்பாட்டுவதற்குத் திறப்பைத் திருப்பினேன். மெசின் நிற்கவில்லை. திறப்பைக் கழற்றி எடுத்தேன், அப்போதும் நிற்கவில்லை. திறப்பு என் கையில், நான் கதியால் வேலிக்குள். அவருடைய மனிசி குசினி வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

"அக்கா, அது திறப்புக்கு நிக்காது, அந்தக் கம்பியை வெளியாலை இழுங்கோ!" என்று நேசன் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

இரண்டாம் நாள் கிளச். இடது காலுக்கு அதுதான் வேலை என்றே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மிதித்தேன். மெசின் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டுதரம் மிதிக்க வேணும் அக்கா. முதல் மிதிக்கு விடாது. வயசு போன மெசின், காது மந்தம். ரெண்டாந்தரம் கூப்பிட்டாத்தான் கேக்கும்."

"ஏன் திருத்தேல்லை?"

"அதுக்கு மெசினை நடுவாலை ரெண்டாப் பிரிக்க வேணும். ஆர் அந்தப் பாடு படுறது? நான் வாங்கேக்கையும் இப்பிடித்தான். பழகினாச் சரி."

எனக்கும் அது பகிடியாகத்தான் இருந்தது. மிதி, இன்னொருக்கால் மிதி. பின்னேரத்துக்குள் கால் பழகிவிட்டது.

மூன்றாம் நாள் சேற்றில் புதைந்தால் எப்படி எடுப்பது என்று சொல்லித் தந்தார். உனக்குத் தெரியாததா? பின்சில்லுகளோடு குறுக்கே ஒரு தடியைச் சங்கிலியால் கட்டுவது, சில்லு தடியில் ஏறி வெளியே வருவது. தடி இறுகிவிட்டால் சில்லு சுற்றாது, அந்த விசையில் மெசினின் முன்பக்கம் மேலே எழும்பும். உடனே கிளச்சை மிதித்துச் சில்லுக்குப் போகிற விசையை வெட்டினால் கீழே இறங்கிவிடும்.

"கால் கிளச்சிலையே இருக்க வேணும் அக்கா. உங்கடை பக்கம் ஒருதன் அவசரத்திலை கிளச்சை மறந்து, மெசின் மல்லாக்கப் பிரண்டு செத்தவன். கேள்விப்பட்டிருப்பீங்கள்."

"ஓம்," என்றேன்.

அவன் என்ர தம்பி என்று சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, ரூபன். உன்னை நினைத்து வெட்கப்பட்டேன். மாங்குளம் வரைக்கும் போய்விட்டதே உன் கதை என்று உன்மேல் கோபம்கூட வந்தது. எங்கள் ஊரில் பெடியளுக்கு மெசின் பழக்குகிறவர்கள் இன்றைக்கும் "கிளச்சை மறந்த ரூபன் மாதிரிச் சாகாதை" என்றுதான் சொல்வார்கள். கேட்டும் கேளாத மாதிரி நான் நடந்துபோவேன்.

மெசின் வீட்டுக்கு வந்தது. அம்மா சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தா, நான் ஏறி நசித்தேன். என் பெயருக்கு மாற்றின வாகனப் புத்தகமும் வந்தது. அதை வைப்பதற்கு அம்மாவின் பையை எடுத்தேன். இடம்பெயர்ந்து ஓடிய காலத்துப் பழக்கம் உனக்குத் தெரியும்தானே, பிறப்புப் பதிவு முதல் காணி உறுதி வரை எல்லாக் காகிதமும் அந்த ஒரே பைக்குள். உன்னுடைய மரண விசாரணைக் காகிதமும் அதற்குள்தான் கிடந்தது. ஏழு வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை. ஈரம் பிடித்திருக்குமோ என்று விரித்தேன்.

மெசினின் இலக்கம் எழுதியிருந்தது. மடியில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தேன். திரும்பக் காகிதத்தைப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தேன். எத்தனைதரம் பார்த்தாலும் அதே இலக்கம்.

வாசலில் நின்றது உன்னைக் கொன்ற மெசின், தம்பி.

அப்போது அது நீலம். அன்றைக்கு வயலில் நான் மெசினையா பார்த்தேன்? உன்னைத்தான் பார்த்தேன். உயிர் எடுத்த மெசினை இங்கே ஒருவரும் வைத்திருப்பதில்லை. தோசம் கழிய நீத்துப்பூசணி வெட்டி, நிறத்தை மாற்றி, தூரத்தில் ஆரிடமாவது தள்ளிவிடுவார்கள். வாங்குகிறவருக்கு வாய் திறப்பதில்லை. அது வவுனியாப் பக்கம் போய், கை மாறி, நேசனிடம் வந்திருக்கிறது. போன் எடுத்துக் கேட்டேன். "சத்தியமாத் தெரியாதக்கா" என்று அந்த மனிசன் அழாக்குறையாகச் சொன்னார். நான் நம்புகிறேன்.

ஆனால் என் தலையில் இடி விழுந்தது அதற்குப் பிறகுதான். இலக்கத்துக்குக் கீழே இன்னும் எழுதியிருந்தது. "இறந்தவரின் இடது பாதம் மிதிகட்டையின் மேல் நசிந்த நிலையில் காணப்பட்டது."

இடது பாதம். ஏழு வருடத்துக்கு முதல் இதே வரியை எனக்கு வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அப்போது எனக்கு இடது என்ன, வலது என்ன? மெசினில் எந்தக் காலுக்கு என்ன வேலை என்று எனக்கு என்ன தெரியும்? நீ மறக்கவில்லை. உன் கால் கிளச்சில்தான் இருந்திருக்கிறது. நீ மிதித்திருக்கிறாய். முதல் மிதிக்கு அது விடவில்லை. இரண்டாவது மிதிக்கு உனக்கு நேரம் கிடைக்கவில்லை.

அதற்கும் கீழே சாட்சியின் வாக்குமூலம். "தம்பி எதிலும் அவசரக்காரன். கிளச்சை மறந்திருப்பான்." சாட்சியின் பெயர் என்னுடையது.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழவில்லை. எழும்பிப் போய், மெசினுக்குப் பக்கத்தில் நின்று, கிளச்சை இரண்டு கையாலும் தன் முழுப்பாரத்தையும் போட்டு அமத்திப் பார்த்தா. கையை எடுத்தா. திரும்பவும் அமத்தினா.

"நான் அண்டைக்கே சொன்னனான், என்ர பிள்ளை மறக்கமாட்டான் எண்டு. நீதான் கேக்கேல்லை."

"வித்துப்போடுவம் அம்மா, கண்ணிலையே வேண்டாம்" என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீ கண்டிருக்க வேண்டும்.

"வித்தா ஆர் ஏறுவினம்? இன்னொருத்தியின்ர பிள்ளைதானே. ஆக்கள் சொல்லாமல் வித்து வித்துத்தானே இது எங்கடை வாசலுக்கு வந்தது."



எனக்கு இன்னும் ஒன்று தெரியவேண்டியிருந்தது. அந்த நீல மெசினின் ஓட்டுநர் தவம் அண்ணை. தன் சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்குப் போகவேண்டும் என்று உன்னிடம் இரண்டு நாள் ஓடித்தரச் சொன்னவர். உன் செத்தவீட்டில் எங்களைவிடக் கூட அழுதவர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத் தன் கையாலேயே பந்தல் போட்டவர். அதற்குப் பிறகு அவர் எந்த மெசினிலும் ஏறவில்லை. இப்போது தண்ணீரூற்றில் சின்னத் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார். நேற்றுக் காலை பஸ் ஏறிப் போனேன்.

"தவமண்ணை, அந்த மெசினுக்குக் கிளச் எத்தினை மிதி?"

ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே கீழே வைத்தார்.

"ரெண்டு."

"தம்பிக்குச் சொன்னனீங்களோ?"

மனிசன் கதிரையில் இருந்துவிட்டார். "வெளிக்கிட்ட அவசரத்திலை மறந்துபோனன் தங்கச்சி. வாக்குமூலத்திலை நீங்களே உங்கடை தம்பியைச் சொல்லிப்போட்டியள். அதுக்குப் பிறகு எனக்கு நாக்கு எழும்பேல்லை. உங்கடை படலை மட்டும் எத்தினைதரம் வந்து திரும்பியிருக்கிறன் தெரியுமோ?"

நான் கத்தினேன், ரூபன். என் வாய் உனக்குத் தெரியும்தானே. கடையில் இருந்த இரண்டு பேர் தேத்தண்ணியை விட்டுவிட்டு எழும்பிப் போனார்கள். கத்தி முடிந்த பிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. அவர் தெரிந்த உண்மையைச் சொல்லாமல் விட்டார். நான் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரிச் சொல்லிக் கையெழுத்தும் வைத்தேன். யார் செய்தது பெரிய பிழை? நீ இருந்தால் யாரை முதலில் மன்னித்திருப்பாய்?

உனக்குக் கோபம் வராது. வந்தாலும் ஒரு நேரச் சோற்றோடு போய்விடும். அதுதான் எனக்கு இன்னும் சுடுகிறது.

மெசினை விற்கவில்லை. நாளைக்கு விசுவமடுவில் அதை நடுவால் பிரிக்கிறார்கள். நான் பக்கத்திலேயே நிற்பேன். பழைய கிளச்சைக் கழற்றிப் புதிதாகப் போட்டு, ஒரே மிதிக்கு விடுகிறதா என்று என் காலால் பார்த்த பிறகுதான் வயலில் இறக்குவேன்.

வியாழக்கிழமை காலபோகக் கூட்டம். கமக்காரர் எல்லாரும் வருவார்கள், மெசின்காரரும் வருவார்கள். தானும் வந்து சொல்வதாகத் தவம் அண்ணை சொன்னார். அவர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நான் எழும்பி நிற்பேன். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இடது பாதம் என்ற வரியை எல்லாருக்கும் கேட்க வாசிப்பேன். அதற்குக் கீழே உள்ள என் வரியையும் வாசித்து, அது பொய், சொன்னது நான்தான் என்பேன். இனி ஒருவரும் எங்கள் ஊரில் உன்னைக் கிளச்சை மறந்தவன் என்று சொல்ல விடமாட்டேன். என் தம்பி மிதித்தவன்.

உன்மேல் பிழையைப் போட்டுக் கையெழுத்து வைத்த,
உன் அக்கா