இடுப்பைச் சாய்த்து நிற்கும் அரக்கி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? என் பாப்பா மருந்தைத் துப்பாமல் குடிக்கிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

வேலை முடிந்ததும் கற்பனை உருவங்கள் வரையும் வகுப்புக்குப் போகிறேன் அல்லவா? நேற்று, தலையில் மலை சுமக்கும் அரக்கியை வரைந்தேன். உருவம் முழுவதும் கறுப்பு மை பூசினாலும், நிற்கும் விதத்திலேயே ஆள் யாரென்று தெரிய வேண்டுமாம். பூசினேன்.

ஆசிரியை சிரித்துவிட்டார். "மலை சுமக்கிறவ நேரா நிக்க வேணாமா? ஏம்மா இடுப்பை ஒரு பக்கம் தள்ளி நிக்கிறா, சுளுக்கா?"

நானும் சிரித்தேன். பாப்பாவை இடுப்பில் வைத்துச் சோறூட்டும்போது நான் அப்படித்தானே நிற்பேன்! திருத்த மனம் வரவில்லை.

ஒரு உதவி, அம்மா. பாப்பாவின் காலை இடுப்பிலிருந்து குதிகால் வரை நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்தில் வைத்து அனுப்பு. அரக்கியின் இடுப்பில் அவளை உட்காரவைக்க வேண்டும். இப்போது கால் எதுவரை தொங்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பேருந்து வந்துவிட்டது.

உன் மகள்