முகம் போட்ட டிஸ்க்குகள்

மார்ச் 3, திங்கள்

தேர்வு நெருங்கினால்தான் பெற்றோருக்குப் பிள்ளைகளின் கண் ஞாபகம் வரும் போலிருக்கிறது. கண்ணாடிக் கடையில் இன்று உட்கார நேரமில்லை. நாலு பேரிடமாவது "இந்த பிரேம் உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று கூசாமல் சொல்லியிருப்பேன். வீடு வர ஆறு மணி. இவர், காலையில் நான் விட்டுப்போன அதே நாற்காலியில்.

இவருக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. கால் தேறிவிட்டது. கையும் பரவாயில்லை. பேச்சுதான் வரவில்லை, எழுத்தும் புரிவதில்லை. இருபத்தாறு வருடம் ஓயாமல் பேசி என் உயிரை வாங்கிய மனுஷன். இப்போது வாயைத் திறக்கிறார், ஏதோ தேடுகிறார், கிடைக்காமல் மூடிக்கொள்கிறார். நேற்று மகள் போன் செய்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். வெட்கம். மகளிடம் என்ன வெட்கம்?

மார்ச் 5, புதன்

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்திருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் கண்டிப்பில் தலைமையாசிரியை. "தெரிஞ்சவங்க குரல் நிறைய கேக்கட்டும்மா. ஆனா நீங்க போட்டுக் காட்டாதீங்க. அவரே எடுக்கணும், அவரே போடணும். ஒரு வேலையாவது அவர் கையில இருக்கட்டும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போனில் போடலாம் என்றால் எங்கு தொட்டாலும் எழுத்து. போன மாதமே அதை சோபாவில் வீசியெறிந்தார். டிவியும் அப்படித்தான்.

பரண் மேல் பழைய டிவிடி பிளேயர் இருக்கிறது. இவரே வாங்கிவந்து இவரே மாட்டியது. எலக்ட்ரீஷியன் வீட்டில் எதுவும் சீக்கிரம் சாகாது. ஒரு பட்டன், தட்டு வெளியே வரும், டிஸ்க்கை வைத்துத் தள்ளினால் படம் ஓடும். படிக்க ஒரு எழுத்துகூட இல்லை.

எது யாருடைய டிஸ்க் என்று எப்படித் தெரியும்? பெயர் எழுதிப் பயனில்லை. முகம் போட்டால்?

மார்ச் 9, ஞாயிறு

மேல்பக்கம் வெள்ளையாக, படம் அச்சடிக்கிற மாதிரியே டிஸ்க் கிடைக்கிறது! நம் வீட்டு பிரிண்டருக்குள் ஒரு வட்டத் தட்டு சும்மா கிடந்ததே, அது இதற்குத்தானாம். இருப்பதிலேயே மலிவான கட்டாகப் பார்த்து வாங்கிவந்தேன்.

மகள், கொழுந்தனார், இவரோடு வேலை பார்த்த, 'மீட்டர்' என்று எல்லோரும் கூப்பிடும் நண்பர் - மூன்று பேரும் பேசி அனுப்பிய வீடியோவை டிஸ்க்கில் ஏற்றி, முகத்தை அச்சடித்தேன். முதலில் அடித்ததில் நடு ஓட்டை சரியாகக் கொழுந்தனார் மூக்கில். பிறகு எல்லோர் முகத்தையும் கொஞ்சம் மேலே தள்ளினேன்.

மார்ச் 10, திங்கள்

எடுத்தார். மகளைத்தான் எடுத்தார். தானே போட்டார். நான் சமையலறையில் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே பார்த்தேன்.

மார்ச் 13, வியாழன்

சாயங்காலம் மறுபடி மகளின் டிஸ்க்கைப் போட்டார்.

"அப்பா, இன்னிக்கி நான்—" என்று மகள் ஆரம்பித்தாள். படம் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி, குரல் இல்லாமல். இவர் டிவியைத் தட்டினார். என்னைப் பார்த்தார். அவளைக் காட்டினார், தன் வாயைக் காட்டினார். மறுபடி அவளை. தனக்கு வந்தது அவளுக்கும் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். ஐயோ, அந்தக் கண்ணை எப்படி எழுதுவேன்.

உடனே அவளுக்குப் போன் போட்டு இவர் காதில் வைத்தேன். "அப்பா, எனக்கு ஒண்ணுமில்லப்பா, நல்லா இருக்கேன்பா." போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார்.

மலிவாப் பாத்து வாங்கினியே, புத்தி இருக்காடி உனக்கு?

மார்ச் 15, சனி

எங்களிடம் கண்ணாடி போட்ட கம்ப்யூட்டர் கடைக்காரர் என் டிஸ்க்கை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். சல்லடை. ஊசி குத்தின மாதிரி அங்கங்கே வெளிச்சம்.

"ஏம்மா, லென்ஸ்ல ஒரு கீறல் இருந்தா நீங்க வாங்குவீங்களா? இத மட்டும் கண்ண மூடிட்டு வாங்கிட்டீங்க?"

பதினெட்டு வருடமாக லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. இதை அப்படிப் பார்க்கத் தோன்றவே இல்லை. நல்ல கம்பெனி டிஸ்க்காகக் கொடுத்தார். வேகத்தைக் குறைத்துப் பதிய வேண்டுமாம், அவசரப்பட்டால் பாதியில் திக்குமாம். பதிந்த பிறகு முழுவதும் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். சொல்லச் சொல்ல நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

மார்ச் 18, செவ்வாய்

புது டிஸ்க்குகளை வைத்தேன். தொடவில்லை.

மார்ச் 22, சனி

தொட்டார்! ஆனால் மீட்டரை. மகளைத் தள்ளி வைத்துவிட்டு மீட்டரை. அந்த ஆள் தன் வீடியோவில் சொல்லியிருக்கிற ஜோக்கை இந்த நோட்டில்கூட எழுத முடியாது. இவர் தோள் குலுங்கச் சிரித்தார். மீட்டர் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்.

மார்ச் 27, வியாழன்

படுக்கை உதறும்போது தலையணைக்கடியில் மகளின் டிஸ்க். முகம் முழுக்கக் கலைந்து, மூக்கும் கண்ணும் மையாக வழிந்திருந்தது. கை கழுவிவிட்டு ஈரத்தோடு எடுத்திருக்கிறார். தான் கெடுத்துவிட்டதாக நினைத்து ஒளித்து வைத்திருக்கிறார். கடைசியில் மகளைத்தான் எடுத்திருக்கிறார், அதுவும் இப்படி ஆகிவிட்டது.

"உங்க தப்பு இல்லீங்க, டிஸ்க் சரியில்ல" என்றேன். தலையைத் திருப்பிக்கொண்டார். எத்தனை தடவைதான் அதையே சொல்வது? தினமும் பயந்து பயந்து ஒரு காரியம் செய்யும் ஆளுக்கு ஈரம் பட்டாலே அழியும் பொருளைக் கொடுத்தது நான்தானே.

மார்ச் 29, சனி

மறுபடி கடை. "தண்ணி பட்டாலும் கலையாதது ஒண்ணு இருக்குது, மேல பளபளன்னு இருக்கும்" என்றார். சாம்பிளுக்கு அடித்து வைத்திருந்த ஒரு டிஸ்க்கில் என் கட்டைவிரலை எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். பக்கத்தில் நின்றவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். அப்படியே இருந்தது. பிறகு கட்டைப் பிரிக்கச் சொல்லி, மேலாக இருந்த நாலைந்தை டியூப்லைட்டில் பிடித்தேன். ஒரு பொட்டு வெளிச்சமில்லை.

"வெயில்ல மட்டும் காய வெச்சிடாதீங்கம்மா, பதிஞ்சதே போயிரும்" என்றார். போன முறை ஜன்னல் வெயிலில் துணி காயப்போடுகிற மாதிரி வரிசையாக வைத்ததைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

புதிதாக அச்சடித்தவை அலமாரிக்குள் ஒரு நாள் முழுக்கக் காய்ந்தன. ஒவ்வொன்றையும் ஆரம்பம் முதல் கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். மகளுடையதை நாலு தடவை. சோதனைக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கொழுந்தனார் வீடியோவில், "அண்ணே, என் டிரில்லிங் மெஷின எப்ப திருப்பித் தருவே?" என்று கேட்கிறார்.

"டேய்!" என்றார் இவர்.

சத்தமாக, தெளிவாக, கோபமாக. நாலு, இல்லை, ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை, அதுவும் தம்பியைத் திட்டுவதற்கு! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. சாயங்காலம் மகள் போன் செய்தபோது உள்ளே போகவில்லை. பேசவும் இல்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 12, சனி

அச்சடிக்காத டிஸ்க் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"அது காலிங்க. அதுல ஒண்ணுமே இல்ல."

தலையை ஆட்டினார். இல்லையாம். டிஸ்க்கை மேசைமேல் வைத்து அந்த வெள்ளையில் விரலை வைத்தார். பிறகு அந்த விரலால் என் தாடையைத் தொட்டார். மறுபடி வெள்ளையில். வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, ரொம்ப நேரம் தேடினார்.

"நீ."

"நான் எதுக்குங்க? நான்தான் இங்கயே இருக்கேனே."

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் என் வேலைப் பையைக் காட்டினார்.

ஒன்பது முதல் ஆறு வரை. எனக்கு ஏன் தோன்றவில்லை? எல்லார் முகத்தையும் தேடித் தேடி அடித்தேனே. அவர் பகல் முழுக்கத் தேடியது என்னை. பெருமையாக இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

போனை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து என் எதிரே நானே உட்கார்ந்தேன். கூடவே வாழும் ஆளிடம் என்ன பேசுவது? கடைசியில் வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டேன். மாத்திரை போட்டீங்களா, ஜன்னல சாத்தினீங்களா, அந்த உயரமான ஸ்டூல்ல ஏறலயே? ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும், எதிரே அவர் இருக்கிற மாதிரி, பதிலுக்காக நின்றுவிட்டேன். திரும்ப ஓட்டிப் பார்த்தால் பாதி நேரம் நான் சும்மாதான் இருக்கிறேன். அந்த இடைவெளிகளை வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். அலுப்பாக இருந்தது, அப்படியே பதிந்துவிட்டேன்.

அச்சடிக்கப் படம் அவரே தேர்ந்தெடுத்தார். கல்யாணப் படத்தை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கடையில் யாரோ எடுத்த, நான் எவருக்கோ கண் அளந்துகொண்டிருக்கும் படம். தலை கலைந்து கிடக்கிறது. போகட்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

மேல் வீட்டு அக்கா படிக்கட்டில் மறித்துக்கொண்டாள். "மத்தியானம் எதுக்கு வந்தே? உடம்புக்கு முடியலையா?"

"நான் எங்க வந்தேன்? கடையிலதானே இருந்தேன்."

"சும்மா சொல்லாத. ஜன்னல் வழியா ரெண்டு பேர் குரலும் கேட்டுச்சே. மாத்திரை போட்டீங்களான்னு நீ கேக்கற, 'ஆச்சு, ஆச்சு'ங்கறாரு. ஜன்னல சாத்தினீங்களான்னு கேக்கற, அதுக்கும் பதில் சொல்றாரு. மறுபடியும் மொதல்லேர்ந்து கேக்கற. பாவம் அந்த மனுஷன், சலிக்காம எத்தனை தடவைதான் சொல்லுவாரு?"

நான் பையை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.