உன்மேல் போட்ட பழி

மாப்ள,

பழுதாகிக் கிடக்கும் பழைய சர்வரின் மூடியை இன்று காலை கழற்றினேன். சூடேறிய தூசியின் வாசனை. உடனே உன் ஞாபகம் வந்தது, கூடவே எரிச்சலும். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பாமல் ஏழு மாதம் ஆகிறது. இருவர் பார்த்த வேலையை நான் ஒருவனாகப் பார்க்கிறேன்.

போன வாரம் இந்த சர்வர் நின்றுபோனது. சிம்மக்கல்லில் நம் ரத்தப் பரிசோதனை நிலையமே முடங்கியது. புது சர்வரை இறக்கி, உன் நோட்டைப் பார்த்து, ரிப்போர்ட்டுக்கான விர்ச்சுவல் மெஷினை, அதாவது சர்வருக்குள்ளேயே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரை, உருவாக்கினேன். சர்வருக்கு நெட்வொர்க் இருந்தது. அதற்குள் இருந்த மெஷினுக்கு மட்டும் நெட்வொர்க்கில் சேரத் தேவையான ஐபி முகவரி கிடைக்கவில்லை. அழித்து அழித்து ஆறு முறை உருவாக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஆனையூர்க்காரர் ஒருவர் மதியம் முழுக்க என் கதவருகிலேயே நின்றார்.

"தம்பி, நாளைக்கு என் சம்சாரத்துக்கு ஆபரேசன். டாக்டர் ரிப்போர்ட் கேக்குறாரு. இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்?"

முதலாளி வந்து கேட்டதும், கவுன்டரில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கத்திவிட்டேன்.

"அவன் பண்ணி வச்ச குளறுபடி சார். நோட்டுல தப்புத் தப்பா எழுதி வச்சிட்டுப் போயிட்டான்."

திருப்பரங்குன்றம் கிளையில் ஒருநாள் நெட்வொர்க் நின்றபோது நாம் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? "மொதல்ல பின்னாடி போயி வயரப் பாரு மாப்ள" என்றாய். "நான் என்ன எலக்ட்ரீசியனா?" என்று எகிறினேன். அன்று வயரில் கோளாறு இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே பல மாதம் உன்னைக் கிண்டல் செய்தேன். அந்தத் திமிரில்தான் இந்த முறையும் பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

நான்கு மணிக்குத்தான் சர்வருக்குப் பின்னால் போனேன். உன் தப்பை நிரூபிப்பதற்காகத்தான் போனேன். மெஷினுக்கான நெட்வொர்க் வயருக்கு இரண்டாவது துளை என்று நீ தெளிவாக எழுதியிருந்தாய். நான் மூன்றாவதில் செருகியிருந்தேன். அங்கேயும் பச்சை விளக்கு எரிந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாற்றிச் செருகிய கையோடு முகவரி வந்துவிட்டது.

ஆனையூர்க்காரர் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "நல்லா இருங்க தம்பி" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதலாளியிடம் போய், "தப்பு என்னோடது சார். அவன் சரியாத்தான் எழுதியிருந்தான்" என்றேன்.

"அதான் ஓடுதுல்ல, விடுங்க." செல்போனிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

கவுன்டரில் இருந்த பெண்களிடமும் தனித்தனியாகச் சொன்னேன். தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

நீ இருந்திருந்தால், "என்னையவா சொன்ன?" என்று எல்லோர் முன்னாலும் சட்டையைப் பிடித்திருப்பாய். இரண்டு நாள் பேசியிருக்க மாட்டாய். மூன்றாம் நாள், "வாடா, டீ குடிக்கப் போவோம்" என்று நீயே வந்து நின்றிருப்பாய்.

இந்த முறை என்னை யாரும் திட்டவில்லை, மாப்ள. அதைத்தான் தாங்க முடியவில்லை.